பாயும் இஞ்சினும் சேர்ந்து போக வேண்டிய பயணம்

2010 ஜூன் மாசம் ஒரே வாரத்துல ஜப்பான்லேர்ந்து ரெண்டு செய்தி வந்துச்சு. ஜூன் 10ஆம் தேதி இக்காரோஸ்ங்கிற விண்கலத்தோட பாய் (பாய்மரக் கப்பல் பாய் மாதிரி, ஆனா காத்துக்குப் பதிலா சூரிய வெளிச்சத்தைப் பிடிக்கிறது) முழுசா விரிஞ்சிடுச்சுன்னு ஜப்பானோட விண்வெளி நிறுவனம் ஜாக்ஸா சொன்னாங்க. மூணே நாள் கழிச்சு 13ஆம் தேதி ராத்திரி, ஒரு சிறுகோளுக்குப் போய்ட்டுத் திரும்பின ஹயபுசா விண்கலம் ஆஸ்திரேலியாவுல வூமெரா பாலைவனத்துக்கு மேல எரிஞ்சு பொடிப்பொடியா உதிர, அதோட கேப்சூல் மட்டும் பத்திரமா தரையில இறங்குச்சு. ஒண்ணு வெளிச்சத்தால தள்ளப்பட்டு போற பாய், இன்னொண்ணு அயன் இஞ்சின்ல ஏழு வருஷம் ஓடி வீடு வந்து சேர்ந்த கப்பல். அப்ப நான் ரெண்டையும் தனித்தனி செய்தியாத்தான் படிச்சேன். ரெண்டும் ஒரே கதையோட ரெண்டு பாதின்னு புரிய எனக்கு ரொம்ப வருஷம் ஆச்சு, அந்தக் கதைக்கு இருந்திருக்க வேண்டிய மூணாவது பாகம் நடக்காமலே போச்சு, அதைப் பத்திதான் இந்தப் பதிவு.

முதல்ல கணக்கு. வெளிச்சத்துக்கு எடை கிடையாது, ஆனா உந்தம் உண்டு. பூமி இருக்கிற தூரத்துல சூரிய வெளிச்சம் ஒரு சதுர மீட்டருக்கு 1361 வாட், அதை அப்படியே திருப்பி அனுப்புற கண்ணாடி மாதிரி ஒரு பரப்பு வச்சா அதுமேல விழுற தள்ளு சதுர மீட்டருக்கு சுமார் 9 மைக்ரோநியூட்டன். இக்காரோஸோட பாய் 14 மீட்டருக்கு 14 மீட்டர், அதுமேல உண்மையில அளந்து பார்த்த விசை 1.12 மில்லிநியூட்டன். அது எவ்வளவுன்னா உள்ளங்கையில அஞ்சாறு அரிசி மணி வச்சா எவ்வளவு கனம் தெரியுமோ அவ்வளவு. கப்பலோட எடை 300 கிலோவுக்கு மேல. அப்ப ஒரு நாள் முழுக்க தள்ளினாலும் வேகம் செகண்டுக்கு 30 சென்டிமீட்டர்தான் கூடும். கேக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா இந்தத் தள்ளு நிக்கவே நிக்காது, எரிபொருள் தீர்ற பேச்சே இல்ல.

இப்ப அயன் இஞ்சின். செனான் வாயுவை மின்சாரத்தால அயனாக்கி செகண்டுக்கு 30 கிலோமீட்டர் வேகத்துல பின்னாடி துப்புறது. சாதாரண கெமிக்கல் ராக்கெட் புகை செகண்டுக்கு மூணுலேர்ந்து நாலரை கிலோமீட்டர்தான் போகும், அதனால ஒரு கிலோ செனான் ஏழெட்டு கிலோ கெமிக்கல் எரிபொருள் வேலையைப் பாத்துடும். ஆனா விசை இதுலயும் ரொம்பக் கம்மி, ஹயபுசாவோட ஒரு இஞ்சின் 8 மில்லிநியூட்டன். சிறுகோள் வெஸ்டாவையும் குறுங்கோள் சீரிஸையும் சுத்தி வந்த நாசாவோட டான் விண்கலத்துக்கு அதிகபட்சம் 91 மில்லிநியூட்டன், அதுக்கு 425 கிலோ செனான் தூக்கிட்டுப் போச்சு. அதே 91 மில்லிநியூட்டன் வெறும் பாயிலேர்ந்து வேணும்னா நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் பாய் வேணும், அதாவது ஐம்பது இக்காரோஸ். இதுவும் பூமி இருக்கிற தூரத்துலதான், தள்ளிப் போகப் போக ரெண்டுமே இளைக்கும்.

ஆக ரெண்டுமே மெதுவா, விடாம தள்ளுற ஆளுங்க. ரெண்டுமே சூரியனை நம்பி இருக்கிறவங்க. அதனாலதானோ என்னவோ ரொம்ப நாளா ரெண்டையும் போட்டியாளரா நிறுத்தி இதுவா அதுவான்னு கேட்டே பழகிட்டாங்க. அந்தப் பழக்கம் ஆரம்பிச்ச இடம்னு நான் நினைக்கிறது 1977.

1986ல ஹாலி வால்நட்சத்திரம் வரப்போகுது, அதுகூடவே சேர்ந்து போற மாதிரி ஒரு கப்பல் அனுப்பணும்னு கலிஃபோர்னியாவுல ஜெட் ப்ரொபல்ஷன் லேபுல ஒரு குழு திட்டம் போட்டாங்க, லூயிஸ் ஃப்ரீட்மன் அதுக்குத் தலைமை. ஹாலிகூட சேர்றதுல பெரிய சிக்கல் என்னன்னா அது கோள்கள் எல்லாம் சுத்துற திசைக்கு எதிர்த்திசையில சுத்துது, அப்ப நம்ம கப்பலும் தன்னோட சுற்றுப்பாதையை அப்படியே தலைகீழா திருப்பணும், கெமிக்கல் ராக்கெட்டால அது ஆகவே ஆகாது. 800 மீட்டருக்கு 800 மீட்டர் பாய் ஒண்ணு வரைஞ்சாங்க, அப்புறம் ஹெலிகாப்டர் இறக்கை மாதிரி கிலோமீட்டர் கணக்குல நீளமான பட்டைகள் பன்னெண்டு சுத்துற ஒரு டிசைனும் போட்டாங்க. எதிர்ப்பக்கம் அயன் இஞ்சின் குழு. 1977ல அயன் இஞ்சின் ஜெயிச்சுது, பாய் தோத்துச்சு. அதுக்கப்புறம் அயன் இஞ்சின் திட்டத்துக்கும் காசு வரல. கடைசியில ஹாலிக்குன்னு அமெரிக்காவிலேர்ந்து தனியா ஒரு கப்பல்கூட போகல. ஐரோப்பாவோட ஜியோட்டோ 1986 மார்ச்ல செகண்டுக்கு 68 கிலோமீட்டர் வேகத்துல அதைத் தாண்டிப் போச்சு, நின்னு பாக்க முடியல, கடந்து போனதுதான். ரெண்டு நல்ல யோசனையை ஒண்ணுக்கொண்ணு மோதவிட்டு ரெண்டையுமே இழந்த கதை இது, எனக்கு இதை எப்ப படிச்சாலும் மனசு வலிக்கும்.

இங்க ஒரு விஷயம் தெளிவு பண்ணிடுறேன், நிறைய பேர் என்கிட்ட கேக்குறது. வெளிச்சம் சூரியன்லேர்ந்து வெளிய தள்ளுது, அப்ப பாய் வச்சு சூரியனை நோக்கி உள்ள போகவே முடியாதா? போகலாம். கப்பல் சும்மா நிக்கல, சூரியனைச் சுத்தி செகண்டுக்கு 30 கிலோமீட்டர்ல ஓடிட்டு இருக்கு. பாயைச் சாய்ச்சு வச்சு தள்ளோட ஒரு பங்கு ஓடுற திசைக்கு எதிரா விழற மாதிரி பண்ணினா ஓட்டம் குறையும், குறைஞ்சா சூரியனோட ஈர்ப்பு உள்ள இழுத்துக்கும். சுருள் சுருளா உள்ள இறங்கலாம். ஆனா சூரியன் பக்கமா நேரா ஒரு தள்ளு குடுன்னா பாயால ஒருநாளும் குடுக்க முடியாது. அந்த அரைவட்டம் முழுக்க அதுக்கு மூடின கதவு. அயன் இஞ்சினுக்கு அந்தத் தடை இல்ல, எந்தப் பக்கம் திருப்புறோமோ அந்தப் பக்கம் தள்ளும், ஆனா செனான் தீர்ந்தா கதை முடிஞ்சுது. ஒருத்தருக்கு திசை குறை, இன்னொருத்தருக்கு ஆயுசு குறை. ரெண்டு பேரையும் ஒரே கப்பல்ல ஏத்தணும்னு தோணுறது இதனாலதான்.

யாரும் திட்டம் போடாமலே இது ஒருதடவை நடந்துச்சு. ஹயபுசாவுலயேதான்.

2005ல இட்டோகாவா சிறுகோளுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ளயும் சேர்ந்த கொஞ்ச நாள்லயும் அதோட மூணு ரியாக்‌ஷன் வீல்ல ரெண்டு செத்துப் போச்சு. ரியாக்‌ஷன் வீல்தான் கப்பல் எந்தப் பக்கம் பாக்கணும்னு பிடிச்சு வைக்கிறது. தரை தொட்டதுக்கு அப்புறம் கப்பலைத் திருப்புற குட்டி ராக்கெட்டான கெமிக்கல் த்ரஸ்டர்ல எரிபொருள் கசிஞ்சு அதுவும் போச்சு, டிசம்பர்ல தொடர்பே அறுந்து ஏழு வாரம் கப்பல் எங்க இருக்குன்னே தெரியல. 2006 ஜனவரியில சிக்னல் திரும்பக் கிடைச்சப்ப கையில மிச்சம் இருந்தது ஒரே ஒரு வீல், அயன் இஞ்சின்கள், கொஞ்சம் செனான். அந்தக் குழு என்ன பண்ணாங்கன்னா நியூட்ரலைசர் (வெளிய போற அயனோட மின்னேற்றத்தை சமன் பண்ற பாகம்) வழியா செனானை அயனாக்காம வெறும் வாயுவா பீச்சி கப்பலைத் திருப்பினாங்க. ஆனா இப்படியே பீச்சிட்டு இருந்தா வீடு திரும்ப செனான் மிஞ்சாது. அப்பதான் சூரிய வெளிச்சத்தோட தள்ளைக் கையில எடுத்தாங்க. சோலார் பேனல் மேல விழுற அந்த துளி அழுத்தம் கப்பலைத் திருப்பப் பாக்கும், வழக்கமா அது ஒரு தொந்தரவு, அதையே கணக்குப் போட்டு சூரியனைப் பார்த்தபடி கப்பலை நிலையா நிறுத்தி வைக்கிற கையா மாத்திட்டாங்க. பேனலே பாய் ஆயிடுச்சு. திசையைப் பிடிக்க வெளிச்சம் கை குடுத்துது, முன்னாடி தள்ளுறது இஞ்சின் வேலை. 2009 நவம்பர்ல இன்னொரு இஞ்சினும் நின்னப்ப ஒரு இஞ்சினோட நியூட்ரலைசரையும் வேற இஞ்சினோட அயன் பாகத்தையும் இணைச்சு ஒரு இஞ்சினா ஓட்டினாங்க, அது தனியா ஒரு பதிவு எழுதற அளவுக்கு பெரிய கதை. ஹயபுசாவோட ப்ராஜெக்ட் மேனேஜர் ஜுனிசிரோ கவகுசி. சோலார் பாயையும் அயன் இஞ்சினையும் ஒண்ணாக்கணும்னு ஜப்பான்ல முன்னாடி நின்னு சொன்னவரும் அவரேதான்.

வெளிச்சத்தை திசை பிடிக்க வச்சுக்கிறது ஜப்பான்காரங்க மட்டும் பண்ணினது இல்ல. 1974ல மெர்குரிக்குப் போன மாரினர் 10ல திசை பிடிக்கிற வாயு தீர்ந்துட்டு வந்தப்ப பேனலைச் சாய்ச்சுச் சாய்ச்சே சமாளிச்சாங்க. கெப்ளர் டெலஸ்கோப்புக்கு 2013ல ரெண்டாவது வீலும் போனதுக்கு அப்புறம் வெளிச்சம் ரெண்டு பக்கமும் சமமா விழற மாதிரி உக்கார வச்சு 2014லேர்ந்து இன்னும் நாலு வருஷத்துக்கு மேல வேலை வாங்கினாங்க. நம்ம இன்சாட்லயும் இது உண்டுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்! 1992 ஜூலையில தென்னமெரிக்காவுல கூரூவிலேர்ந்து ஏரியன் ராக்கெட்ல போன இன்சாட்-2ஏ படத்தைப் பாருங்க, ஒரு பக்கம் மட்டும்தான் சோலார் பேனல், மறுபக்கம் பூம்னு சொல்ற நீளமான கம்பு, அதோட நுனியில சின்னதா ஒரு பாய். அதுல வானிலை கேமரா இருக்கு, அதோட சென்சார் ரொம்பக் குளிர்ச்சியா இருக்கணும், அதுக்கு வடக்குப் பக்கம் இருட்டான வெளியைத் தடையில்லாம பாக்கணும், அங்க பேனல் வைக்க முடியாது. ஒரு பக்கம் மட்டும் பேனல் இருந்தா வெளிச்சத்தோட தள்ளு கப்பலைச் சாய்ச்சிட்டே இருக்கும், தராசுல மறுதட்டுல படிக்கல் வைக்கிற மாதிரி அந்தப் பாயை வச்சாங்க. த்ரஸ்டர் எரிபொருள் மிச்சம், கப்பலுக்கு ஆயுசு கூடுதல். ஸ்கூல் படிக்கிறப்ப ஒரு கண்காட்சியில அந்த மாடலைப் பார்த்து அது ஆன்டெனான்னு நினைச்சு வந்தேன். பாயும் இஞ்சினும் சேர்ந்த கப்பல் அப்பவே நம்ம தலைக்கு மேல நின்னுட்டு இருந்திருக்கு.

சரி, இக்காரோஸுக்கு வரேன். வீனஸுக்குப் போன அகாட்சுகியோட ஒரே ராக்கெட்ல 2010 மே 21ஆம் தேதி கிளம்பினது. பாயோட தடிமன் 7.5 மைக்ரோமீட்டர், தலைமுடியில பத்துல ஒரு பங்கு இருக்கும். பாலிஇமைடு ஃபிலிம், மேல அலுமினியம் பூச்சு. இதை விரிக்கிறதுக்கு கம்பு எதுவும் கிடையாது, நாலு மூலையிலயும் அரை அரை கிலோ எடை கட்டி கப்பலைச் சுழல விட்டாங்க, சுழற்சியோட இழுவையிலயே பாய் விரிஞ்சு விறைப்பா நின்னுச்சு. பாதி விரிஞ்சு மாட்டிக்கிட்டா மிஷனே போச்சு, அதனால ஜூன் 3லேர்ந்து ஒரு வாரம் படிப்படியா விரிச்சாங்க. அப்புறம் ஆறு சென்டிமீட்டர்ல ஒரு குட்டி கேமராவை வெளிய தூக்கி எறிஞ்சு, அது தள்ளிப் போய்ட்டே கப்பலை படம் எடுத்து ரேடியோவுல அனுப்புச்சு. கறுப்பு வானத்துல வெள்ளி மாதிரி ஒரு சதுரம். அந்தப் படத்தை என் பழைய கம்ப்யூட்டர்ல நாலு வருஷம் வால்பேப்பரா வச்சிருந்தேன்.

இந்தப் பாயில என்னை ரொம்ப யோசிக்க வச்சது ரெண்டு விஷயம். ஒண்ணு, பாயோட ஓரத்துல லிக்விட் கிரிஸ்டல் தகடுகள், நம்ம கால்குலேட்டர் டிஸ்ப்ளேல இருக்கிற மாதிரி. கரண்ட் குடுத்தா கண்ணாடி மாதிரி பளிச்சுன்னு திருப்பி அனுப்பும், நிறுத்தினா வெளிச்சத்தை சிதற அடிக்கும். பளிச்சுன்னா தள்ளு கூட, சிதறினா தள்ளு கம்மி. கப்பல் சுழலுறப்ப ஒரு பக்கம் வரும்போது மட்டும் ஆன் பண்ணினா கப்பல் மெதுவா திரும்பும், ஒரு சொட்டு எரிபொருள் இல்லாம. ரெண்டாவது, பாயோட பரப்புல ஏறக்குறைய அஞ்சு சதவீதம் மெல்லிசா சோலார் செல் ஒட்டியிருந்தாங்க. பாயே கரண்ட் தயாரிச்சுது. இதுபோக சுழற்சியைக் கூட்டக் குறைக்க ஒரு வாயு த்ரஸ்டரும் இருந்துச்சு, அதுல போட்டது ஹெச்எஃப்சி-134ஏ, கார் ஏசியில அடைக்கிற அதே கேஸ். ஆக இக்காரோஸும் சுத்தமான பாய்க்கப்பல் கிடையாது, அதுவும் கலப்புதான். டிசம்பர் 8ஆம் தேதி வீனஸுக்கு 80,800 கிலோமீட்டர் பக்கத்துல தாண்டிப் போச்சு.

அந்த அஞ்சு சதவீத சோலார் செல்தான் விஷயமே. ஜாக்ஸா அதை ஒத்திகையாத்தான் ஒட்டினாங்க. உண்மையான திட்டம் ஒகியானோஸ், ஜூப்பிட்டரோட பாதையில முன்னும் பின்னுமா கூட்டமா ஓடுற ட்ரோஜன் சிறுகோள்களுக்கு. 40 மீட்டருக்கு 40 மீட்டர் பாய், அதாவது 1600 சதுர மீட்டர், அது மேல பரவலா மெல்லிசு சோலார் செல், அந்தக் கரண்ட்ல ஹயபுசா வம்சத்து அயன் இஞ்சின் ஓடும், ட்ரோஜன்கிட்ட போய் நிக்கும், ஒரு லேண்டரை இறக்கும்.

இங்கதான் நான் நினைச்சிட்டு இருந்தது தப்புன்னு தெரிஞ்சுது. பாயோட தள்ளும் இஞ்சினோட தள்ளும் கூட்டிப் போகும், ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு, அதுதான் கலப்புன்னு நினைச்சிருந்தேன். கணக்குப் போட்டுப் பாருங்க. 1600 சதுர மீட்டர் பாய்க்கு பூமிகிட்ட மிஞ்சிப் போனா 14 மில்லிநியூட்டன். ஜூப்பிட்டர் நம்மளைவிட 5.2 மடங்கு தூரம், வெளிச்சம் 27ல ஒரு பங்கு, அப்ப தள்ளு அரை மில்லிநியூட்டன். ஹயபுசாவோட ஒரு இஞ்சின்ல ஏறக்குறைய பதினஞ்சுல ஒரு பங்குதான். தள்ளுக்காக அந்தப் பாயை அங்க கொண்டு போகல. அது மின்சாரத்துக்கு விரிச்ச நிலம். ஜூப்பிட்டருக்குப் போன நாசாவோட ஜூனோ கப்பலைப் பாருங்க, மூணு பக்கமும் ஒன்பது மீட்டர் நீளத்துக்கு பேனல், 18,000க்கு மேல செல், பூமிகிட்ட 14 கிலோவாட் தர்றது ஜூப்பிட்டர்ல 500 வாட்டுக்கு வந்து நிக்குது. அந்தக் கரண்ட்ல கப்பலோட கருவிகள் ஓடும், அதுக்கு மேல பலமா அயன் இஞ்சின் ஓட்ட எங்க போறது? கட்டியான பேனலையே இன்னும் இன்னும் பெருசாக்கினா எடை தாங்காது. ஆனா மைக்ரான் கணக்குல மெல்லிசான ஃபிலிமை நாப்பது மீட்டருக்கு விரிச்சு வச்சா, ஜூப்பிட்டர் தூரத்துலயும் கிலோவாட் கணக்குல கரண்ட் வரும். அதை விரிக்கவும், விறைப்பா பிடிக்கவும், எரிபொருள் இல்லாம திருப்பவும் கத்துக்கிட்டது பாய்க்கப்பல் கட்டினதால. இஞ்சினுக்கு பாய் சோறு போடுது. இது ரெண்டு தள்ளைக் கூட்டுறதைவிட எவ்வளவோ ஆழமான சேர்க்கைன்னு நான் நினைக்கிறேன்.

சிக்கல் இல்லாம இல்ல. சுழலுற பாய்க்கு பம்பரம் மாதிரி ஒரு பிடிவாதம் உண்டு, திருப்புறது லேசு இல்ல, ஆனா அயன் இஞ்சின் தேவையான திசையைப் பாக்கணும், செல்லும் சூரியனைப் பாக்கணும், ரெண்டுக்கும் நடுவுல எப்பவும் இழுபறிதான். இக்காரோஸ்ல பாயோட சுருக்கங்களே காத்தாடி இதழ் மாதிரி வேலை செஞ்சு சுழற்சி வேகத்தை மாத்திட்டு இருந்துச்சு, நாப்பது மீட்டர்ல அது இன்னும் பெருசா தெரியும். இஞ்சின் துப்புற அயன் பாய் மேல பட்டா பூச்சு கெடும். அப்புறம் எல்லாத்துக்கும் மேல எடை. பாய்க்கு உயிரே லேசா இருக்கிறதுதான், அதுல இஞ்சின், செனான் டேங்க், பவர் யூனிட் எல்லாம் ஏத்த ஏத்த வெளிச்சத்தோட தள்ளுக்கு மதிப்பு குறைஞ்சுக்கிட்டே போகும். அதனால எல்லா பயணத்துக்கும் கலப்பு நல்லதுன்னு நான் சொல்லல. சூரியனுக்குப் பக்கத்துல வெறும் பாய் போதும், கிட்டப் போகப் போக அதுக்கு பலம் கூடிட்டே போகும், அங்க செனான் எதுக்கு.

உண்மையிலேயே ரெண்டு தள்ளும் கைகோர்த்து நிக்கிற ஒரு இடம் உண்டு, அதை ஸ்காட்லாந்துல காலின் மெக்கின்னஸ், மத்தேயோ செரியோட்டி, யானெட் ஹெய்லிகர்ஸ் மாதிரி ஆளுங்க விரிவா கணக்குப் போட்டிருக்காங்க. பூமியோட துருவத்துக்கு நேர் மேல ஒரு கப்பலை அப்படியே நிறுத்தி வைக்கிறது. இன்சாட் மாதிரி நிலநடுக்கோட்டுக்கு மேல நிக்கிற எந்த சாட்டிலைட்டுக்கும் துருவம் கண்ணுக்குப் படாது, பூமியோட வளைவு மறைச்சிடும். துருவத்துக்கு மேல லட்சக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒண்ணு நின்னா ஆர்க்டிக் முழுக்க எப்பவும் கண்ல இருக்கும், பனி உருகுறது, புயல், கப்பல் பாதை எல்லாம். ஆனா அங்க இயல்பா நிக்கிற சுற்றுப்பாதை கிடையாது, விடாம தள்ளிட்டே இருந்தாதான் நிக்க முடியும். இஞ்சின் மட்டும்னா செனான் சீக்கிரம் தீரும். பாய் மட்டும்னா தேவைப்படுற திசையெல்லாம் அதுக்குக் கிடைக்காது. பாய் தன்னால முடிஞ்ச பங்கைத் தாங்க, மிச்ச திசைக்கு இஞ்சின் லேசா தள்ள, செனான் செலவு கணிசமா குறையும்னு அவங்க கணக்கு காட்டுது. இப்படி ஒண்ணு இன்னும் பறக்கல.

ஒகியானோஸும் பறக்கல. 2019ல ஜாக்ஸாவோட பெரிய மிஷனுக்கான தேர்வுல ஒகியானோஸும் லைட்பேர்டும் கடைசியா நின்னுச்சு, லைட்பேர்ட் ஜெயிச்சுது. அது பிரபஞ்சத்தோட ஆதி வெளிச்சத்தை அளக்கப் போற டெலஸ்கோப், நல்ல மிஷன், அதுமேல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா பத்து வருஷம் படிப்படியா கட்டின ஒரு ஏணியோட மேல்படி மட்டும் வைக்காம விட்ட மாதிரி இருக்கு. ஹயபுசா இஞ்சினை நிரூபிச்சுது, இக்காரோஸ் பாயை நிரூபிச்சுது, ரெண்டையும் கட்டின கையும் அங்கதான் இருந்துச்சு.

நாசாவோட லூசி இப்ப அந்த ட்ரோஜன்களை நோக்கித்தான் போய்ட்டு இருக்கு, 2021 அக்டோபர்ல கிளம்பினது, 2027 ஆகஸ்ட்ல முதல் ட்ரோஜன் யூரிபேட்டிஸ். அதுல வட்ட வட்டமா ரெண்டு பெரிய சோலார் பேனல், கெமிக்கல் இஞ்சின். படம் எடுக்கும், அளக்கும், செகண்டுக்கு கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர்ல தாண்டிப் போயிடும். நிக்காது, அதுக்கான இஞ்சினும் இல்ல, அந்த இஞ்சினுக்கு அவ்வளவு தூரத்துல கரண்ட் குடுக்க பாயும் இல்ல. அந்தப் படங்கள் வர்ற ராத்திரி நான் கண்டிப்பா முழிச்சிருந்து பாப்பேன், அந்தக் கல்லு மேல ஒகியானோஸ் லேண்டர் எந்த இடத்துல இறங்கியிருக்கும்னு தேடிட்டே.